புல் நுழைந்த சங்கு

ஆஸ்திரேலியக் கடற்கரையில் 1977இல் காது மருத்துவர் கிரேம் கிளார்க் ஒரு புல்லிதழைச் சங்குக்குள் செலுத்திப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி இளக்கமாகவும் இருந்ததால் அது சுருளுக்குள் ஆழமாகப் போனது. கேட்காத செவியின் இரண்டரைச் சுற்றுச் சுருளுக்குள் மின்முனைகளைச் செலுத்தவும் அதே உபாயம். மறு ஆண்டே மெல்போர்னில் அந்தச் செவிச்சுருள் கருவியை (காக்ளியர் இம்ப்ளாண்ட்) பொருத்தும் அறுவை சிகிச்சை.

எனக்குப் பிடித்தது அந்தக் கருவியின் சிக்கனம். சுமார் 15,000 மயிர்ச்செல்களின் வேலைக்கு, அவர் வழிவந்த கருவியில் 22 மின்முனைகள்தான். மீதியை மூளை ஒப்பேற்ற வேண்டும். முதலில் ரோபோ பேசுவதுபோலக் கேட்கும் குரல், மாதக்கணக்கில் கேட்டுப் பழகியபின் மனைவியின் குரலாகிறது.

பாட்டு மட்டும் எளிதில் மசியாது. தாளம் பிடிபடும், சுருதி நழுவும். வயலின் பாடு திண்டாட்டம்; மிருதங்கம் தேறிவிடும். தனி ஆவர்த்தனத்தில் காபிக்கு எழுந்து போகிறவர்களைவிட இந்தக் கருவியால் கேட்பவர்கள் மேலான ரசிகர்கள்!