உதிரக் கட்டுப்பாடும் ஓரத்தின் சாட்சியமும்

மார்பகப் புற்றுநோய்க்கான சஸ்திர சிகிச்சையில், எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு நோயாளிக்கு க்ஷேமம் என்ற நம்பிக்கையே நெடுங்காலம் ஆட்சி செய்தது; 1880களில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் வகுத்த முறை, மார்பகத்தோடு அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்ச் சுரப்பிகளையும் சேர்த்தே எடுத்தது. மிலானில் வெரோனெசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் பிஷரும் 1970களில் தொடங்கிய பரிசோதனைகளின் இருபது ஆண்டுக் கணக்கு 2002-ல் வெளியானபோது, கட்டியைச் சுற்றிய பகுதியை மட்டும் இழந்து கதிர்வீச்சும் பெற்ற பெண்கள், மார்பகம் முழுவதையும் இழந்தவர்களைப் போலவே உயிர் வாழ்ந்தார்கள் என்பது ஸ்தாபிதமாயிற்று. வெட்டு சிறுத்த அளவுக்கு, அந்த வெட்டின் விளிம்பைப் பற்றிய கவலை பெருகிற்று.

ஏனெனில் எடுத்த துண்டின் மேற்பரப்பு, நோய்க்கூறியல் நிபுணரின் மேஜையில் மை பூசப்பட்டு, சீவல் சீவலாக நறுக்கப்பட்டு, உருப்பெருக்கியின் கீழ் வாசிக்கப்படுகிறது. ஊடுருவும் புற்றணு மையைத் தொடாதிருந்தால் போதும் என்று 2014-ல் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் வகுத்த விதி இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. தொட்டிருந்தாலோ, பெரும்பாலும் அந்தப் பெண் மறுபடியும் சஸ்திர சிகிச்சை மேஜையேற வேண்டியதுதான். ஆகவே, அறுக்கும்போதே ரத்தப்போக்கையும் நிறுத்தும் கருவியை எடைபோடுகிறவர் ரணம் எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பாதி விசாரணை. வெளியே போகும் துண்டின் ஓரத்துக்கு அக்கருவி என்ன செய்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

தாவரவியல் பயின்ற போவி செய்த, மின்சாரத்தால் அறுத்துச் சுடும் யந்திரத்தைக் கொண்டு, மூளைச் சிகிச்சை நிபுணர் குஷிங் 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில், ரத்தப் பெருக்குக்கு அஞ்சிச் சில தினங்களுக்கு முன் பாதியில் கைவிட்ட ஒரு கட்டியை எடுத்து முடித்தார். அந்த மின்கத்திக்கு, வைத்தியர்கள் ‘காட்டரி’ என்று சுருக்கமாகச் சொல்லும் கருவிக்கு, மலிவிலும் வேகத்திலும் கைப்பழக்கத்திலும் இன்றுவரை இணையில்லை. மார்பெலும்பின் ஓரமாக விலாக்களுக்கு இடையே துளைத்து வரும் தமனிக் கிளைகள், அறுபட்டதும் தசைக்குள் பின்வாங்கி ஒளிந்துகொள்ளும் சுபாவமுடையவை. அவற்றை இடுக்கியால் பிடித்துச் சுடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. குற்றமெல்லாம் துண்டின் பக்கத்தில்தான். நூறு டிகிரியைத் தாண்டி ஏறும் சூட்டில் கொழுப்பு உருகி, விளிம்பு கருகி, உயிரணுக்களின் கருக்கள் நீண்டு இழுபட்டு ஒரே திசையில் சாய்ந்து நிற்கும்போது, பால்நாளத்துக்குள் அடங்கிய புற்றா, வெந்துபோன சாதாரணத் திசுவா என்று தேர்ந்த கண்ணும் திகைக்கிறது. மிக முக்கியமான சாட்சியைச் சுட்டுவிட்டு வழக்கு நடத்துவது என்ன நியாயம்?

செவிக்கு எட்டாத ஒலியதிர்வால் இயங்கும் கத்தி வினாடிக்குச் சுமார் 55,500 முறை அதிர்கிறது, உடலினூடே மின்சாரம் பாய்வதில்லை, புரதம் குழைந்து பசையாகிக் குழாயை அடைக்கிறது, புகையும் குறைவு. விற்க வருகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். தொடர்ந்து இயக்கினால் அதன் அலகும் கொதிக்கக் காய்ந்து, இயக்கத்தை விட்ட பின்பும் தொட்டதைச் சுடும் என்பது கையாண்டவர்களுக்குத் தெரியும். தவிர, அதற்குச் சார்பாகக் காட்டப்படும் ஆதாரங்களில் பெரும்பகுதி, மார்பகம் முழுவதையும் நீக்கி அக்குளையும் துப்புரவு செய்யும் சிகிச்சையில் திரட்டியவை. அங்கே வடிகுழாயில் இறங்கும் நீரின் அளவு குறைந்தால் அது மெய்யான லாபம். மார்பகத்தைக் காக்கும் சிகிச்சையிலோ, கட்டி எடுத்த குழிக்கு வடிகுழாய் வைப்பதே அபூர்வம். அக்குழியில் நீர் சேர்ந்து வடிவத்தைத் தாங்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அடுத்த வீட்டு வரவை நம் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வது போன்ற இந்த வாதத்துக்காக, விலையுயர்ந்த கருவியின் செலவை நோயாளியின் தலையில் ஏற்றுவதை நான் ஒப்பவில்லை.

சாதாரணக் கத்தியும் கத்திரியும் விளிம்பைப் பழுதின்றிக் கொடுக்கின்றன. ஆனால் ரத்தம் கசிந்து ஆழமும் திசையும் மறைந்து, கை தடுமாறிக் கட்டியையே அறுத்துவிட்டால் அந்தச் சுத்தமான விளிம்பால் என்ன பிரயோஜனம்? இதைத் தடுக்க அட்ரினலின் கலந்த திரவத்தை முன்கூட்டியே செலுத்திக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறார்கள். யுக்தி நல்லதே. ஆனால் மருந்தின் வீரியம் தணிந்த பிறகு, தைத்து மூடிய தோலுக்கடியில் உதிரம் பெருகி உறைந்தால், கதிர்வீச்சு தள்ளிப்போகலாம். பின்னாளில் மாமோகிராமில் அதன் வடு வீண் சந்தேகத்தையும் கிளப்பலாம்.

என் அபிப்பிராயத்தில், கட்டியை அடுத்த தளத்தைச் சூடற்ற கத்தியால் பிரித்து, துண்டு வெளியேறியதும், உடலில் எஞ்சிய குழிச் சுவரை மின்கத்தியால், குறைந்த சக்தியில், புள்ளி புள்ளியாகத் தேடிச் சுடுவதே பொருத்தமான பங்கீடு. ஒலியதிர்வுக் கத்திக்கு இடமுண்டென்றால் அது அக்குளில்தான். ரத்தம் மிகுந்து, மின்கத்தியால்தான் அறுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் நேரலாம். துண்டின் மேற்புறத்துக்குக் குட்டை நூலும் வெளிப்பக்கத்துக்கு நெட்டை நூலும் தைத்துத் திசை காட்டி அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் உண்டு; அப்படி நேரும்போது, கூடவே செல்லும் சீட்டில் எந்தப் பக்கம் எந்தக் கருவியால் அறுக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தெழுதினால், கருகிய ஓரத்தை வாசிக்கிறவருக்கு அதுவும் அந்த நூல்களுக்குச் சமமான ஒத்தாசையாகும்.