மைக் அளவில் கைவைக்கும் மென்பொருள்

மைக்கின் அளவைப் பயனரிடம் விட்டால் பாதிப் பேரின் குரல் கேட்காது, மீதிப் பேரின் குரல் காதைக் கிழிக்கும்; ஆகவே மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும். அழைப்புக்கும் கூட்டத்துக்கும் நிரல் எழுதுபவர்களிடம் இந்த வாதம் ஏறக்குறைய விதியாகவே ஆகிவிட்டது. கணினியின் ஒலி அமைப்பில் இருக்கும் மைக் ஸ்லைடரை நிரல் தானே ஏற்றி இறக்குவதுதான் நல்ல வடிவமைப்பு என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். தவறான பாடம் அது.

நியாயம் இல்லாமல் இல்லை. குரல் எண்களாக மாறும் இடத்திலேயே உச்சம் வெட்டுப்பட்டுவிட்டால் பிறகு எந்தக் கணக்குப் போட்டும் அதை மீட்க முடியாது. அதற்கு முன்பே பெருக்கத்தைக் குறைத்தாக வேண்டும். கூகுள் 2011இல் திறமூலமாக வெளியிட்ட, இணைய அழைப்புக்கான வெப்ஆர்டிசியின் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு இந்த வேலையைக் கவனத்தோடுதான் செய்கிறது. எதையும் தொடாமல் எத்தனையோ பேர் பேச முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஸ்லைடர் நிரலின் சொத்து அல்ல. விண்டோஸ் விஸ்டா முதல் இருந்துவரும் ஐஆடியோஎண்ட்பாயின்ட்வால்யூம் என்ற இடைமுகத்தில் 0.0 முதல் 1.0 வரை ஓர் எண்ணை எழுதினால், மாறுவது எழுதிய நிரலின் ஒலி மட்டுமல்ல. அந்த மைக்கைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா நிரல்களுக்கும் மாறுகிறது. இது தனித்தேவை உள்ள நிரல்களுக்கானது, பெரும்பாலான நிரல்களுக்குத் தேவைப்படாது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. விதிவிலக்காகத் தந்ததை வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

விளைவைப் பாருங்கள். பாட்டு வாத்தியார் ஒருவர் மாணவர்களுக்குப் பாடம் பதிவு செய்ய மைக்கை 70இல் வைத்திருக்கிறார். மாலையில் உறவினரோடு வீடியோ அழைப்பு. சிரிப்பும் சத்தமுமாகப் பேச்சு. அழைப்பு நிரல் அளவை 30க்கு இறக்குகிறது. அழைப்பு முடிந்தாலும் 30 அங்கேயே நிற்கிறது. மறுநாள் ஆடாசிட்டியில் பதிந்த பாடம் முனகலாக இருக்கிறது. உயர்த்தினால் இரைச்சலும் சேர்ந்து உயர்கிறது. அவர் கேபிளைச் சந்தேகிப்பார், மைக்கைச் சந்தேகிப்பார், புதிது வாங்கவும் வாங்குவார். அழைப்பு நிரல்மேல் சந்தேகம் வர வழியே இல்லை, ஏனென்றால் எந்தத் திரையிலும் ஒரு வரிகூட வரவில்லை. இணைய வகுப்பு நடக்கும்போதே பதிவும் ஓடினால் இன்னும் கொடுமை. ஆலாபனையின் மந்தர ஸ்தாயியில் அளவு மெல்ல ஏறும். தார ஷட்ஜத்தைப் பிடித்ததும் சட்டென்று இறங்கும். பாடகர் உழைத்துக் கொண்டுவந்த ஏற்ற இறக்கத்தை நிரல் தட்டையாக்கிவிடுகிறது.

இதில் ஒரு விவரம் என்னை எப்போதும் உறுத்துகிறது. அளவை எழுதும் நிரல் தன் அடையாளமாக ஒரு ஜியுஐடியையும் கூடவே அனுப்பலாம். மாற்றம் நடந்ததும் வரும் அறிவிப்பில் அது திரும்பி வரும். இது நான் செய்ததா, வேறொருவர் செய்ததா என்று நிரல் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. நிரலுக்கு இருக்கும் அந்த வசதி மைக்குக்குச் சொந்தக்காரருக்கு இல்லை.

வெளியேறும்போது பழைய மதிப்பைத் திருப்பி வைத்துவிடலாமே என்பார்கள். நிரல் இடையில் முறிந்தால் யார் வைப்பது? அழைப்பின் நடுவே பயனரே வேண்டுமென்று மாற்றியிருந்தால், அதையும் அழித்துவிட்டுப் பழையதை வைப்பதா? இரண்டு நிரல்கள் ஒரே ஸ்லைடரை இழுத்தால் எது பழையது?

உச்ச வெட்டு வாதமும் எல்லா இடத்திலும் நிற்காது. சாதனத்தில் வன்பொருள் அளவுக் கட்டுப்பாடு இல்லையென்றால் விண்டோஸ் அதை மென்பொருளிலேயே செய்கிறது. அங்கே ஸ்லைடரை இறக்கும் நேரத்தில் ஒலி ஏற்கெனவே எண்ணாகிவிட்டது, வெட்டுப்பட்டதும் வெட்டுப்பட்டதுதான். வன்பொருள் ஆதரவு உண்டா என்று கேட்க அதே இடைமுகத்தில் குவெரிஹார்ட்வேர்சப்போர்ட் இருக்கிறது. அதைக் கேட்காமலே எழுதும் நிரலுக்கு இந்த வாதத்தைப் பேச உரிமை கிடையாது.

ஜூமில் தானியங்கி அளவை நிறுத்த ஒரு தேர்வுக் கட்டமாவது இருக்கிறது. உலாவியில் அதே வேலைக்கான ஆட்டோகெயின்கன்ட்ரோல் என்ற அமைப்பை அணைத்துக் கேட்கும் உரிமை வலைத்தளத்தை எழுதியவர் கையில். பயனர் கையில் அல்ல.

குரல் மெலிந்திருந்தால் உங்கள் நிரலுக்குள் வந்த மாதிரிகளைப் பெருக்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் ஒலி, யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. உச்சம் வெட்டுப்பட்டால் மீட்டரைச் சிவப்பாகக் காட்டி, மைக்கைக் குறைக்கட்டுமா என்று கேளுங்கள். சம்மதம் வந்த பிறகு ஸ்லைடரைத் தொடுங்கள், தொட்டதைத் திரையில் சொல்லுங்கள்.