எதிர்காலக் கொடுங்கனவும் நமது கடந்தகாலமும்

விஞ்ஞானப் புனைகதையைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கும் போக்கு நமது முற்போக்கு விமர்சனத்திலே நீண்டகாலம் நிலவி வந்துள்ளது. இப்போக்கு மறுபரிசீலனைக்குரியது. விஞ்ஞானமே மனிதரை அடக்கும் கருவியாகிவிட்ட எதிர்காலத்தைச் சித்திரிக்கும் 'கொடுங்கனவுக் கதைகள்', உண்மையில் அவை எழுதப்படும் காலத்து அதிகார உறவுகளையே பேசுகின்றன. அவ்வுறவுகளை எந்த அளவுக்கு இனங்காட்டுகின்றன என்பதே அவற்றை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும்.

தமிழில் இவ்வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 2021ஆம் ஆண்டின் இந்தியா. ஜீவா என்னும் சர்வாதிகாரி. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். ஆள்பவனென மக்கள் வணங்கும் ஜீவா வெறும் ஒளித்தோற்றம் எனப் பின்னர் தெரியவருகின்றது. அதிகாரத்தின் மாயத்தன்மையை இது கூர்மையாகவே உணர்த்துகின்றது. ஆயின் அவ்வரசு யாருடைய உழைப்பில் நிலைபெறுகின்றது, எவ்வர்க்கத்தின் நலனைக் காக்கின்றது என்ற வினாக்கள் கதைக்குள் நுழைவதில்லை. கொடுமை ஒரு சிலரின் சூழ்ச்சியாகச் சுருங்கிவிடுகின்றது.

பின்னர் இந்நாவல் தூரதர்ஷனில் தொடராயிற்று. தொலைக்காட்சி இக்கதைவகைக்குப் பெரும் மக்கட்பரப்பை அளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் காட்டக்கூடியதையே அவ்வூடகம் முதன்மைப்படுத்துகின்றது. இயந்திர நாய் ஜீனோவைக் காட்டலாம். சமூக உறவைக் காட்டுவது கடினம். வாரந்தோறும் தொடரும் மர்மம் வினாவை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கின்றது.

இரசிகர் எழுத்தும் இதன் பாதிப்புக்கு உட்பட்டதே. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை ஒட்டி, 1967இலேயே இரசிகர் இதழ் தோன்றிற்று. அவ்வெழுத்தாளருட் பெரும்பாலோர் பெண்கள். நுகர்வோராக இருக்கவேண்டியோர் ஆக்குவோராயினர் என்ற வகையில் அது ஜனநாயகச் செயலே. ஆயினும் பாத்திரங்களின் அந்தரங்க உறவே அங்குப் பெரிதும் வளர்ந்தது. தமிழிலும் பிறர் கதையைத் தொடர்ந்தெழுதும் மரபு உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யாகத் தொடர்ந்தமை யாவரும் அறிந்தது. அங்கு நீண்டது அரசர் கதையேயன்றி உழவர் கதையன்று.

இவ்விடத்தில் நமது பிரதேசத்தை நோக்குதல் பொருந்தும். திறந்த பொருளாதாரம் 1977இல் புகுந்தது. 1979இல், ஒரே ஆண்டில், இலங்கைக்குத் தொலைக்காட்சிச் சேவையும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தன. ஒன்று கனவை வழங்கிற்று, மற்றது அச்சத்தை. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, வீரமுனை எனத் தொடரும் இப்பகுதி மக்களுக்குச் சோதனைச்சாவடியும் அடையாள அட்டையும் எதிர்காலக் கற்பனைகளல்ல. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதோர் கொல்லப்பட்டனர்; அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்தோர் கொல்லப்பட்டனர். ஒரே மொழி பேசி, ஒரே வயலில் உழைத்தோர் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். தனியொரு சர்வாதிகாரியை மட்டும் காட்டும் கதையமைப்பு இதனை விளக்க வல்லதன்று.

வேறு வழி நம்மிடமே உண்டு. புத்தகங்களை எரிக்கும் அரசை ரே பிராட்பரி 1953இல் எதிர்காலத்திற் கற்பனை செய்தார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை'யை ஒரு கனவாகவே எழுதினார். அக்கனவிற் புத்தரைச் சுடுவோர் சிவில் உடையணிந்த அரச காவலர். கற்பனை வடிவம் யதார்த்தத்தை மறைக்கவில்லை, இனங்காட்டிற்று.

இயந்திர நாய்களைப் படைப்பதில் தவறில்லை. அவற்றை ஏவுவோர் யார், அவ்வேவலால் நன்மையடைவோர் யார் என்று நமது இளம் எழுத்தாளர் வினவுதல் வேண்டும். அவ்வினா எழும்போதே கொடுங்கனவுக் கதை மக்கள் இலக்கியமாகும்.