பின்னால் விழும் வெளிச்சம்

1948இல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான முதல் லாண்ட் ரோவருக்கு றிவர்ஸ் லைட்டே கிடையாது. அதன் வாரிசுகள் இன்றும் நுவரெலியாவில் மரக்கறியும் உரமும் ஏற்றி ஓடுகின்றன.

தோட்டப் பாதையில் எதிரே லொறி வந்தால், முடக்கு வரை பின்னால் போகவேண்டும். ஒருபக்கம் கான், மறுபக்கம் பள்ளம், நடுவே பனிமூட்டம்.

அதனால்தான் பின்பம்பரில் கூடுதலாக இரண்டு விளக்குகள். 55 வாட் பல்புகள் இரண்டு, 12 வோல்ட்டில் ஒன்பது அம்பியருக்கு மேல் இழுக்கும்; றிவர்ஸ் கியர் போட்டதும் இயங்கும் கியர்ப்பெட்டியின் சிறு சுவிட்ச் அதைத் தாங்காது. நடுவில் ரிலே, பெற்றரியருகே பியூஸ்.

டாஷ்போர்டில் மூன்று நிலைச் சுவிட்ச்: மேலே தள்ளினால் எப்போதும் எரியும், நடுவில் அணையும், கீழே றிவர்ஸ் கியரோடு மட்டும். அழகே இதில்தான். இருட்டில் மூட்டை இறக்கவும் உதவும். விளக்கைச் சற்றுத் தாழ்த்திப் பூட்டுவது நல்லது. உயரே திருப்பினால் பனியே வெள்ளைச் சுவராகிவிடும்.