ஸ்பேனருக்கு முன் காது

பெரியவர் பஸ்ஸுக்குள் ஏறிக் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். திறக்கவில்லை. ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரியில் ஆலாபனை தொடங்கும்போது முன்வரிசையில் சிலர் இப்படித்தான் உட்கார்வார்கள். அவர்களைப் பார்த்தாலே பாடகருக்குத் தெரிந்துவிடும், இன்று தப்ப முடியாதென்று.

இடம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லெட்வில். ராக்கி மலைத்தொடரில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். ஜனவரி மாதம். என் நண்பர் பழைய பள்ளி பஸ் ஒன்றை வீடாக மாற்றி அதில்தான் குடியிருக்கிறார். அதன் டீசல் ஹீட்டர் இரண்டு நாளாகப் பற்றவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் ஓய்வு பெற்ற லாரி மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் வேலை செய்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, அவர் கேட்டதை நானும் கேட்டேன் என்பதுதான் சரி.

அந்த நாட்டுப் பள்ளி பஸ்களை நீங்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். அந்த அடர்மஞ்சள் நிறம், 1939-இல் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூட்டிய மாநாட்டில் முடிவானது. பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த பஸ்கள் ஏலத்துக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, அடுப்பும் கட்டிலும் வைத்துக் குடியேறிவிடுகிறார்கள். 'ஸ்கூலி' என்பது இப்படி மாற்றிய பஸ்ஸின் செல்லப் பெயர். மழைக்கும் வெயிலுக்கும் அது உறுதியான வீடுதான். குளிருக்கு மட்டும் ஆகாது. விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் இரும்புச் சட்டங்கள் உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே கடத்திவிடும்.

அதனால்தான் டீசல் ஹீட்டர். எரிவாயு அடுப்பை மூட்டிக் குளிர் காயலாமே என்று தோன்றும். வாயு எரிந்தால் நீராவியும் பிறக்கும். அது இரும்புச் சுவரில் வியர்த்து வழிந்து, பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். டீசல் ஹீட்டர் எரிவதற்கான காற்றைப் பஸ்ஸுக்கு வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே தள்ளுகிறது. அறைக்குள் வருவது சூடு மட்டும். பஸ்ஸின் டாங்க்கில் இருக்கும் டீசலே போதும். 2 கிலோவாட் வகை ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

ஹீட்டர் பெட்டி சின்னது, இரண்டு செங்கலைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். உள்ளே நடப்பது நம் சமையலறைக்குப் புதிதல்ல. திரி ஸ்டவ்வும் பம்ப் ஸ்டவ்வும் ஒன்றாகிப் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். எரியும் அறையில் மெல்லிய எஃகுச் சல்லடை ஒன்று உண்டு. சொட்டும் டீசல் அதில் பரவி ஆவியாகும். திரியின் வேலை அது. குளோ பிளக் செந்தணலாகி ஆவியைப் பற்றவைக்கும். சின்ன ஃபேன் காற்றை ஊதிக் கொடுக்கும். தீ நிலைத்துவிட்டால் பம்ப் ஸ்டவ்வின் அதே சீறல், ஆனால் அடக்கமாக, கதவுக்கு அப்பால் கேட்பதுபோல.

தொடங்குவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்த இயந்திரத்தின் அழகு முழுவதும் அங்கேதான் என்பேன். முதலில் ஃபேன் மெல்லச் சுழல ஆரம்பிக்கும். பிறகு குளோ பிளக்குக்கு மின்சாரம் போகும். அதற்குச் சத்தம் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, பஸ்ஸின் அடியிலிருந்து 'டிக்... டிக்...' என்று டீசல் பம்ப் பேசத் தொடங்கும். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரே அளவுத் துளி. சூடு கூட வேண்டுமானால் துளி பெரிதாவதில்லை, டிக்குகள் நெருங்கும். மிருதங்கக்காரர் காலம் மாற்றுவதுபோல விளம்பத்திலிருந்து மத்திமம், அங்கிருந்து துரிதம். தீ பற்றியதும் ஃபேனின் சுருதி ஏறும், அடியில் சீறல் சேரும், வெதுவெதுப்பான காற்று காலில் படும். ஓசை எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கு முந்தைய படியில் நோய் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவருக்கு இயந்திரம் எதையும் மறைப்பதில்லை.

அன்று ஃபேன் சுழன்றது. பத்து விநாடி போயிருக்கும். பெரியவர் ஒரு விரலை உயர்த்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி அணைத்துப் போட்டபோதுதான் பிடிபட்டது. சுழன்றுகொண்டிருந்த ஃபேனின் சுருதி, குளோ பிளக் உயிர்பெறும் கணத்தில், ஒரு மயிரிழை இறங்கி ஏறியது. பிறகு டிக் டிக். டீசல் வந்து சேர்கிற பம்ப் மந்தமாகத் தட்டும், காற்றைத் தட்டுகிற பம்ப் கணீரென்று தட்டும் என்றார் அவர். இது மந்தமாகத்தான் தட்டியது. வெளியே போய்ப் பார்த்தோம். புகைக்குழாயிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது, டீசல் நெடியோடு. வெள்ளைப் புகை என்றால் டீசல் ஆவியாகிறது, எரியவில்லை என்று பொருள். சீறல் வரவேயில்லை. கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் தானாக அடங்கி, தீ பற்றவில்லை என்று திரையில் ஓர் எண்ணைக் காட்டியது.

நண்பர் அந்த எண்ணை நம்பி, குளோ பிளக் போய்விட்டது என்று புதிது வாங்கி வைத்திருந்தார். பெரியவர் அதைத் தொடவில்லை. திரை சொல்வது வலி எங்கே என்பதை, நோய் எங்கே என்பதை அது சொல்லாது என்றார். டீசல் வருகிறது, காற்று வருகிறது, தீ மட்டும் இல்லை. பிளக் செத்திருந்தால் ஃபேனின் சுருதி இறங்கியிருக்கவே இறங்காது. மின்சாரத்தை இழுக்க ஆளில்லையே. சுருதி இறங்கியதென்றால் பிளக் இழுக்கிறது, வழியில் யாரோ பறிக்கிறார்கள். இந்தத் தர்க்கத்தை அவர் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முடித்திருந்தார். நல்ல வைத்தியர் நாடியில் விரல் வைத்துவிட்டு, சொன்னதெல்லாம் போதும் என்று கையமர்த்துவாரே, அந்தக் கணம் அது.

முதன்முதலாக வெளியே வந்த கருவி மல்டிமீட்டர். பாட்டரியில் 12.6 வோல்ட். ஹீட்டர் ஓடாதபோது அதன் முனையிலும் 12.6 காட்டியது. நண்பரும் அதைத்தான் அளந்து திருப்திப்பட்டிருக்கிறார். பெரியவர் பிளக் எரியும் நேரத்தில் அதே முனையில் அளந்தார். 10.8. சும்மா இருக்கும்போது எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான், பாரம் ஏற்றினால்தான் அதன் குணம் தெரியும். இத்தகைய ஹீட்டர்கள் பெரும்பாலும் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் மின்னழுத்தம் போதவில்லை என்று எச்சரிக்கும். இதுவோ அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று ஏமாற்றிக்கொண்டிருந்தது. 1.8 வோல்ட் குறைந்தால் என்ன என்று நினைக்கக்கூடாது. பிளக்கின் சூடு வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. கால் பங்குக்கு மேல் போய்விடும். கடுங்குளிரில் அந்தக் கால் பங்குதான் பற்றுவதற்கும் பற்றாததற்கும் நடுவே இருக்கிறது.

அடுத்து அவர் செய்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கையுறையைக் கழற்றினார். ஹீட்டர் தொடங்கும் நேரத்தில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து, ஒயரை ஒவ்வொரு இணைப்பாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். எல்லாம் பனிக்கட்டிபோல் சில்லென்று இருந்தன. சட்டத்தில் எர்த் பிடித்திருந்த டெர்மினல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. தொலைந்த 1.8 வோல்ட் அங்கே சூடாகி உட்கார்ந்திருந்தது. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். மைனஸ் பதினைந்தில் அந்த ஓர் இடத்தின் கதகதப்பை என் விரல் இன்னும் மறக்கவில்லை.

சாலையில் பனி உருகக் கொட்டும் உப்பு அரித்து, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் சட்டத்தைப் பளபளவென்று தேய்த்து, புது டெர்மினல் அழுத்தி, கிரீஸ் பூசி முடுக்கினார். மறுபடி அளந்தால் 12.2. ஹீட்டர் முதல் முயற்சியிலேயே சீறியது. ஹீட்டரின் ஓர் ஆணிகூடக் கழற்றப்படவில்லை.

இந்த ஹீட்டர்களின் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க இந்தத் துறையில் பெயர்பெற்ற இரண்டு கம்பெனிகளும் ஜெர்மனியின் ஒரே ஊரில் பிறந்தவை. எஸ்லிங்கனில் 1865-இல் யாக்கோப் எபர்ஸ்பேஷர் தகரப் பட்டறை போட்டார். 1901-இல் அதே ஊரில் வில்ஹெல்ம் பையர் தம் தொழிலைத் தொடங்கி, பிறகு ஸ்டாக்டார்ஃபுக்கு மாறினார். அவர் பெயரிலிருந்தும் அந்தப் புது ஊரின் பெயரிலிருந்தும் எழுத்துகளைக் கிள்ளியெடுத்துச் சேர்த்ததுதான் 'வெபாஸ்டோ'. தகரம் வளைத்த கைகளிலிருந்து வந்த தொழில் இது. இன்றும் இதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டரைவிடக் கைதான் அதிகம் வேண்டியிருக்கிறது.

அன்று ஹீட்டர் பற்றிவிட்டதே என்று நாங்கள் மகிழ்ந்தபோது பெரியவர் மகிழவில்லை. புகைக்குழாயின் வாயில் வெள்ளைத் துணியைக் காட்டினார். மங்கலான கரி வட்டம் விழுந்தது. இது திரும்ப நிற்கும், அப்போது திறப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு நாளில் நின்றது.

காரணம் அந்த ஊரின் உயரம். 3,100 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில்தான் ஊதுகிறது, ஆனால் ஊதும் காற்றில் சத்து இல்லை. பம்போ அதே துளியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பருப்பு குறைந்த சாம்பாரில் அதே அளவு புளி கரைத்தது மாதிரி. எரியாத டீசல் கரியாகிச் சல்லடையை அடைக்கும். இதோடு, பற்றாமல் போன பழைய முயற்சிகளில் சொட்டிய டீசலும் சேர்ந்துகொண்டது. ஒரு நோய் இன்னொரு நோய்க்குச் சோறு போட்டிருந்தது.

இப்போதுதான் ஹீட்டர் பெட்டி திறந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் அவர் மேசையைத் தயார்செய்வதில் செலவிட்டார். பழைய போர்வை ஒன்றை விரித்து, கழற்றும் வரிசையிலேயே திருகாணிகளை அடுக்கினார். வெளி உறை, காற்றுச் சக்கரம், அலுமினிய உடல், அதற்குள் எரியும் அறை. உள்ளே கரி, சில இடத்தில் காப்பித்தூள்போல உதிர்ந்தது, சில இடத்தில் பாறை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட நான் கை நீட்டினேன், தடுத்துவிட்டார். அலுமினியத்தில் கீறல் விழும் என்று மரக்குச்சியைச் சீவிக்கொண்டு சுரண்டினார். சல்லடையைச் சுத்தம் செய்யவில்லை, புதிது போட்டார். அது உட்காரும் இடத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான காற்றுத் துளை ஒன்று இருக்கிறது. அதை அவர் ஊசியால் நீவித் திறந்தபோது எனக்கு என் அம்மா கண்முன் வந்தார். பம்ப் ஸ்டவ்வில் பின் குத்தித் தீயை மீட்கும்போது அதே சாய்ந்த தலை, அதே சுருங்கிய கண்.

கேஸ்கெட் விஷயத்தில் அவர் கறார். பழையது பார்க்க நன்றாகவே இருந்தது. ஒருமுறை அழுந்திய கேஸ்கெட் இன்னொருமுறை அதே இடத்தில் உட்காராது, இடைவெளியில் கார்பன் மோனாக்சைடு கசியும், அதற்கு நிறமும் மணமும் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கனத்தது. பஸ்ஸின் மோனாக்சைடு அலாரத்தை அவரே அழுத்திப் பார்த்து, அது கத்திய பிறகுதான் வேலையைத் தொடர்ந்தார்.

டீசல் குழாயை மாற்றியதையும் சொல்ல வேண்டும். முன்பு யாரோ இரண்டு குழாய்களின் முனைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ரப்பர் உறையால் இணைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் காற்றுக்குமிழ் சேர்ந்து உருண்டு, ஒரேயடியாகக் கிளம்பினால் தீ விக்கும். இவர் முனையோடு முனை முட்டும்படி நேராக வெட்டிச் சேர்த்தார். படுக்கையாக இருந்த பம்பை, வாய் மேல்நோக்கிச் சரியும்படி மாட்டினார், குமிழ் தேங்காமல் வெளியேற. கடைசியாக, காற்றழுத்தத்தை உணர்ந்து டீசலைக் குறைக்கும் உணரி ஒன்றைப் பொருத்தினார். 1,500 மீட்டருக்கு மேல் நெடுநாள் ஓட்டுவதென்றால் அது வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. நண்பர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

அணைக்கும் முறையையும் நண்பருக்கு ஒருமுறை செய்து காட்டினார். பட்டனை அணைத்த பிறகும் ஃபேன் சுமார் நான்கு நிமிடம் சுழன்று உள்சூட்டை வெளியேற்றும். அதற்குள் பாட்டரி ஸ்விட்சை வெட்டிவிட்டால் சூடு உள்ளேயே நின்று பாகங்களைத் தின்னும். அந்த நான்கு நிமிடமும் அவர் எழுந்திருக்கவில்லை. ஃபேன் ஓய்ந்து, ஓசை முழுக்க அடங்கிய பிறகுதான் எழுந்தார். மங்களம் முடியும்வரை இருந்து கேட்கிறவர்.

திரும்பப் பூட்டுவதற்கு முன் வெளி உறையின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, பேனாவால் எழுதினார். தேதி. பாரத்தில் 12.2 வோல்ட். புதுச் சல்லடை, புதுக் கேஸ்கெட். அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்த டீசல், இத்தனை விநாடிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று. ஊர் உயரம் 3,100 மீட்டர். தம் பெயரை எழுதவில்லை. இந்தப் பெட்டியை அடுத்துத் திறப்பவருக்காக அந்தக் குறிப்பு இன்றும் உள்ளே இருக்கிறது.