பிருகத்காயோசாரஸ்: உதிர்ந்த எலும்பும் 35 வருஷமும்

நாலு நாள் லீவ் போட்டு ஆம்பூரிலிருந்து காரைக் கிளப்பினேன். கூட மாமா. முப்பது வருஷம் டேனரியில் இருந்தவர். எங்க ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் தொல்லுயிர் எச்சம் தேடிப் பிரயோஜனமில்லை. சுமார் 250 கோடி வருஷப் பாறை, எலும்பு என்ற பொருளே உலகத்தில் இல்லாத காலம். அதனால் முதல் நாள் திருவக்கரை கல்மரங்கள், இரண்டாம் நாள் பெரம்பலூர் பக்கம் சாத்தனூர், பிறகு காரை, வாரணவாசி அருங்காட்சியகம், கல்லமேடு, கடைசியாக எழும்பூர் என்று திட்டம்.

பயணக்கதை எழுத உட்காரவில்லை. கிளம்புவதற்கு முன்னால் படித்த ஒரு கட்டுரை வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது, அதைப் பற்றித்தான் இது.

1987-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியீடு ஒன்றில் யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கிடைத்த ஒரு டைனோசருக்கு பிருகத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயர் வைத்தார்கள். 'பெரிய உடம்புக்காரப் பல்லி' என்று அர்த்தம். இடுப்பெலும்பு, தொடையெலும்பில் ஒரு துண்டு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, முன்கால் எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பில் கொஞ்சம், அவ்வளவுதான் கிடைத்தது. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான். கட்டுரை இதை மாமிசம் தின்னும் இனம் என்று வகைப்படுத்தியது. பிறகு வந்தவர்கள் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தினார்கள்.

வகைப்பாட்டுத் தவறு பெரிய குற்றமில்லை, எல்லாத் துறையிலும் நடக்கிறதுதான். என் புகார் வேற. இவ்வளவு பெரிய கூற்றுக்கு ஆதாரமாகக் கட்டுரை தந்தது கோட்டோவியங்கள். எலும்பின் மேற்பரப்பு எப்படி இருந்தது, எங்கே உடைந்தது, எதுவும் அதில் தெரியாது. அதற்குள் அசல் எலும்புகளும் போய்விட்டன. கல்லமேட்டுக் களிமண்ணும் மணலும் ஈரம் பட்டால் ஊறிப் பிளக்கும். மாவுக்கட்டுப் போட்டு எடுத்தும், கட்டுக்குள்ளேயே எலும்பு உதிர்ந்துபோனது. எங்க பாஷையில் சொன்னால் டேட்டாபேஸ் போச்சு, பேக்கப் இல்லை, கையில் இருப்பது ரீட்மீ ஃபைல் மட்டும்.

விளைவு என்ன? அது எலும்பே இல்லை, கல்மரம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களின் இளக்காரம் என்று இதை நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். சாத்தனூரில் நின்ற பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட அந்த 18 மீட்டர் மரம், கடலுக்கு அடித்து வரப்பட்டு கடற்படிவில் புதைந்தது. அதே படுகையில் அப்படி ஒரு மரம் கிடக்கும்போது 'இது எலும்புதானா?' என்று கேட்பது நியாயம்தானே. ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்திருந்தால் ஒரு மதியத்தில் தீர்ந்திருக்கும். சீவ ஒன்றும் மிச்சமில்லை.

2022-ல் சௌரப் பாலும் அதே அய்யாசாமியும் சேர்ந்து தோண்டிய சமயத்துப் புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்புதான் என்ற கட்சி அதற்கப்புறம்தான் வலுத்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் படங்கள் இருந்தும் 35 வருஷம் வெளிவராததை எப்படி எடுத்துக்கொள்வது? அந்தக் காலத்துப் பதிப்பில் புகைப்படம் அச்சிடச் செலவு, சரி. இணையம் வந்த பிறகு?

2023-ல் கிரிகரி பால், லாரமெண்டி இருவரும் எடை 110 முதல் 130 டன் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். உடனே 'நீலத் திமிங்கலத்துக்கே போட்டி, நம்ம அரியலூர்' என்று செய்தி. சில எலும்புகளின் அளவிலிருந்து முழு உடம்புக்குத் தாவும் கணக்கு இது, அந்த எலும்புகளையும் மறுபடி அளக்க வழியில்லை. படித்து நானும் குஷியானேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடாத செய்திகளோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 2020-ல் குன்னத்தில் அம்மோனைட் உருண்டைகளை டைனோசர் முட்டை என்று பரப்பியதும் இதே அவசரம்தான். அம்மோனைட் என்ன கேவலமா? 1846-லேயே லண்டனில் இந்தப் பக்கத்துச் சிப்பிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள்.

கல்லமேட்டில் பார்க்க ஒன்றுமில்லை, முள்ளுச்செடியும் செம்மண்ணும். கதையை மாமாவிடம் முழுசாகச் சொன்னேன். அவர் குனிந்து மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார்.

"தோல் உரிச்ச அன்னிக்கே உப்பு போடலன்னா மறுநாள் முடி கழண்டு வந்துடும். எலும்புக்கு அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா?"

"இருக்கு மாமா. பசை மாதிரி ஒண்ணை ஊற விட்டு இறுக்குவாங்க. இங்க எவ்வளவு செஞ்சாங்கன்னு கட்டுரைல இல்ல."

"அத எழுதிருக்கணுமில்ல?"

நாலாம் நாள் எழும்பூரில் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நடந்தபோது, அவர் முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். நடுவில் விட்டுப்போய், திரும்ப வாலிலிருந்து ஆரம்பித்தார்.