கண்ணகி கதையின் காலமும் கிளைகளும்

வெருகலாற்றின் தென்பால் கதிரவெளி தொடங்கித் தெற்கே பாணமை ஈறாக நீண்டு கிடக்கும் கிழக்குக் கரையிலே, வைகாசித் திங்கள் பிறந்ததும் மக்கள் பேச்சில் முதலிடம் பெறுவது கண்ணகியம்மன் சடங்காகும். ஆண்டின் பெரும்பகுதி அடைத்துக் கிடக்கும் கோயில்கள் பல அத்திங்களிற் கதவு திறக்கப்பெறும். கண்ணகி வழக்குரை படிக்கப்பெறும். குளிர்த்தியோடு சடங்கு நிறைவெய்தும். கோயில் முன்றிலிற் கேட்ட அக்கதையையும், வகுப்பறையிற் சிலப்பதிகாரப் பாடமாகக் கேட்ட கதையையும் ஒருங்கு வைத்து நோக்கும் மாணவனுக்கு ஐயம் எழுதல் இயல்பே. இரண்டும் ஒரே கண்ணகியின் கதையாயின், இவ்வளவு வேறுபாடு எங்ஙனம் புகுந்தது?

வேறுபாடு சிறிதன்று. சிலப்பதிகாரத்திற் கண்ணகி புகார் நகரத்து மாநாய்கன் மகள். மானுடப் பெண்ணாகவே பிறந்தவள். வழக்குரையிலோ பாண்டியன் சோலை மாமரத்திற் கனியாகத் தோன்றுகிறாள். அக்கனி மகவாகிறது. அம்மகவால் மதுரைக்குக் கேடு விளையும் எனக் கேட்டு அஞ்சிய பாண்டியன் அதனைப் பேழையிலிட்டு நீரில் விடுகிறான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அதனைக் கண்டெடுத்து வளர்க்கின்றனர். இளங்கோவின் கண்ணகி மதுரை எரிந்தபின் மேற்கே நடந்து 14ஆம் நாள் சேரநாட்டு மலையில் விண்ணெய்துகிறாள். வழக்குரையின் கண்ணகி ஆயர்களால் வெம்மை தணிக்கப்பெற்றுக் குளிர்கிறாள்.

இவ்வையத்துக்கு நம்மிடையே இருவகை விடை வழங்கி வருகின்றது. இளங்கோவடிகள் நூலே மூலம், மற்றையது கல்லாதார் வாயிற்பட்டுச் சிதைந்த கதை என்பர் ஒரு சாரார். கோயிலில் வழங்கும் கதையே பழையது, அதனையே இளங்கோ செப்பஞ் செய்தார் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தம்முள் மாறுபடுவதாகத் தோன்றினும் ஒன்றில் உடன்பட்டே நிற்கின்றனர்: நடந்தது ஒன்றே, அதன் வரிசையும் ஒன்றே, அதனோடு பொருந்தாதது பிழை என்பதே அவ்வுடன்பாடு. இவ்வுடன்பாடுதான் ஆராயத்தக்கது.

இத்தகைய வழக்கு பழங்கதைகளுக்கு மட்டும் உரியதன்று. இன்று மாணவர் பலர் ஆடும் கணினி விளையாட்டுகளுள் ‘லெஜன்ட் ஒஃப் செல்டா’ என்பது ஒன்று. யப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1986இல் தொடங்கிய தொடர் அது. லிங்க் என்னும் வீரனும் செல்டா என்னும் இளவரசியும் ஆட்டத்துக்கு ஆட்டம் பெயர் மாறாது வருவர். ஆயினும் பெரும்பாலும் அவர்கள் முந்திய ஆட்டத்தில் வந்தவர்களல்லர். எது முந்தியது, எது பிந்தியது என ஆடுவோர் பல்லாண்டு வழக்காடினர். 1998இல் வந்த ‘ஒக்கரினா ஒஃப் டைம்’ என்னும் ஆட்டத்தின் ஈற்றில் வீரன் தன் சிறுபருவத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டமையால், அங்கிருந்து காலம் இரண்டாகக் கிளைத்தது என்று பலர் வாதித்தனர். 2011இல் அந்நிறுவனத்தின் இசைவோடு வெளிவந்த ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ என்னும் நூல், கிளை இரண்டன்று, மூன்று என்றது. வீரன் தோற்று வீழ்ந்ததாகக் கொள்ளும் மூன்றாங் கிளை அவ்வாட்டத்தின் முடிவாகக் காட்டப்பெறாதது. பழைய ஆட்டங்கள் சிலவற்றை வைத்தற்கு இடம் வேண்டிப் பின்னர் அமைக்கப்பட்டது போலவே தோன்றுகிறது. ஆக்கியோரே தீர்ப்புரைத்த பின்னும் வழக்கு முடியவில்லை. 2023இல் வந்த ஆட்டத்தில் அரசு நிறுவப்பட்ட வரலாறு கூறப்பட, அஃது ஆதி அரசா, அழிந்து மீண்டெழுந்த அரசா என மீண்டும் வாதம் எழுந்தது. ஒவ்வோர் ஆட்டமும் தன் சுவைக்கெனவே முதற்கண் ஆக்கப்பட்டமையின், பிறகு இட்ட வரிசை எதுவாயினும் எங்கோ ஒரு மூட்டு விலகவே செய்யும்.

கண்ணகி கதைக்கோ தீர்ப்புரைக்கும் நிறுவனமும் இல்லை. அவ்விடத்தை நிரப்பியது ஈழத்து மன்னன் ஒருவன் பெயர். உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய பின், செங்குட்டுவன் எடுத்த விழாவிற்குக் கயவாகு என்னும் இலங்கை வேந்தன் வந்திருந்தான் என்னும் குறிப்பு அறிஞர் கவனத்தை ஈர்த்தது. இவனே கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகு என்று கொண்டு, 1904இல் தம் ஆங்கில நூலை வெளியிட்ட வி. கனகசபைப்பிள்ளை முதலானோர் சங்ககாலம் முழுவதற்கும் ஆண்டு வகுத்தனர். நீலகண்ட சாஸ்திரியாரும் இதனை ஏற்றார். ஒரு பெரும் இலக்கியப் பரப்பின் காலக்கணக்கு இங்ஙனம் ஒற்றைப் பெயரிலே தொங்கலாயிற்று.

அப்பெயரின் வலிமை எத்துணையது? கஜபாகுவின் ஆட்சியைக் கூறும் மகாவம்சம் அவன் பத்தினி விழாவிற்குச் சென்றதாகவோ, சோழநாட்டின்மேற் படையெடுத்ததாகவோ கூறவில்லை. படையெடுப்பும், பத்தினியின் சிலம்பைக் கொணர்ந்த செய்தியும் நூற்றாண்டுகள் பல கழிந்து எழுந்த இராஜாவலியவில் விரிவாகக் காணப்படுகின்றன. சிலப்பதிகாரத்துள்ளும் கயவாகு வருமிடம் உரைபெறு கட்டுரையும் வரந்தரு காதையுமேயாம். இவை பிற்சேர்க்கை ஆகலாம் என ஐயுற்றோர் உளர். பதிற்றுப்பத்திலும் நிலைமை இதுவே. பத்தினிக்குக் கல் கொணர்ந்த செய்தி ஐந்தாம் பத்தின் பதிகத்தில் உண்டு. பரணர் பாடிய பாட்டுகளிலோ இல்லை. கஜபாகு கதை வரலாறன்று, வழிபாட்டின் பரவலை விளக்க எழுந்த புராணமே என்று கணநாத் ஒபயசேகர 1970இலும் பின்னர் 1984இல் வெளியான தம் பெருநூலிலும் வாதித்தார். அவர் வாதத்தின் ஒவ்வொரு படியும் ஏற்கத்தக்கது என்பதற்கில்லை. ஆயினும் அதன்பின் பழைய துணிபோடு பேசுதல் அரிது.

வானநூலைத் துணைக்கொண்டோரும் உளர். மதுரை எரியும் நாளை ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை, கார்த்திகை என நூலே குறித்தலின், எல்.டி. சாமிக்கண்ணுப்பிள்ளை கணித்து கி.பி. 756 என்றார். ஒரு கணக்கிற்கும் மற்றொன்றிற்கும் இடையே ஏறக்குறைய 600 ஆண்டு! புலவர் தம் காப்பியத்துக்கு ஒரு தீநாளை அமைத்துக்கொண்டிருக்கலாம் என்னும் எண்ணம் இக்கணக்குகளில் இடம்பெறாதது வியப்பே. கதிரவெளியிற் கண்டறியப்பட்ட பெருங்கற்கால ஈமச் சின்னங்களுக்குக் காலங் கூறும் முறை ஒன்றுண்டு. கல் மண்ணிற் கிடக்கிறது, மட்கலத்தோடு ஒப்பிடலாம். மாங்கனியிற் பிறந்த மகளுக்கு அம்முறை செல்லாது.

இனி, வழக்குரையைச் சிதைவு என்பார் கூற்றை நோக்குவோம். சிதைவாயின் கதை தேய்ந்து பொருளற்றுப் போதல் வேண்டும். ஈண்டு நிகழ்ந்தது வேறு. சிலப்பதிகாரத்திற் கண்ணகியின் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம்; கோப்பெருந்தேவியின் சிலம்பின் உள்ளீடு முத்து. வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டிலே நிற்கிறது. ஆயின் அம்மாணிக்கம் எங்கிருந்து வந்தது என இளங்கோ கூறவில்லை. அவருக்கு அது வேண்டுவதுமன்று. வழக்குரை கேட்டோருக்கு வேண்டியிருந்தது. கடலோட்டு காதையிலே மீகாமன் நாகமணி தேடிக் கப்பலேறுகிறான், வெடியரசனோடு பொருகிறான். அவ்வெடியரசன் பெயரால் நெடுந்தீவில் ஒரு கோட்டை இன்றும் சுட்டப்பெறுகிறது. கரையோர மக்கள் தாம் அறிந்த கடலைக் கதையின் வெற்றிடத்திலே நிரப்பிய திறம் இது. செல்டா ஆட்டத்தார் மூன்றாங் கிளை அமைத்ததினும் இது செவ்விது என்றே கூறலாம்.

பிறப்புக் கதை இன்னும் ஆழமுடையது. காப்பியத்தில் அயலூர்ப் பெண்ணொருத்தி அரசன் முன் நீதி கேட்கிறாள். அரசன் தன் பிழை உணர்ந்த கணமே உயிர்விடுகிறான். அது அரசியல் பற்றிய வழக்கு. வழக்குரையிலே பாண்டியன் கொன்றது தன் மகளின் கணவனை. மதுரையை எரித்தவள் அதனைக் காக்கவேண்டி அவனே நீரில் விட்ட குழந்தை. எறிந்ததே எரித்தது. ஊழ் என்று இளங்கோ கூறியதை வழக்குரை குடும்பத்துள்ளே கொணர்ந்து காட்டுகிறது. பாண்டியன் மகள் என்னும் கூறு தமிழகத்துக் கோவலன் கதையிலும் உண்டு. மாங்கனிப் பிறப்பு சிங்களப் பத்தினிப் பாடல்களிலும் உண்டு. ஆதலின் இதனை மட்டக்களப்பார் தனித்துச் செய்த பிழை என்றல் பொருந்தாது.

அன்றியும், கிளைகள் யாண்டும் முற்றும் பிரிந்தனவல்ல. வழக்குரையின் உயிர் மீட்புக் காதையிற் கோவலன் எழுந்து பேசுதலை நாட்டார் மிகை என இகழ்வோர், சிலப்பதிகாரத்து ஊர்சூழ்வரியை மீண்டும் படித்தல் நன்று. ஆங்கும் வெட்டுண்ட கோவலன் எழுகிறான். அவள் கண்ணீர் துடைக்கிறான். இங்கேயே இரு என்று கூறி விண்ணேறுகிறான். இளங்கோ சில அடிகளிற் கடந்து சென்றதை மற்றையது ஒரு காதையாக வளர்த்தது. எது எதற்குக் கடன்பட்டது, அல்லது இரண்டும் வேறொரு பழங்கதைக்குக் கடன்பட்டனவா என்பது துணிதற்கரிது.

வழக்கைச் சடங்காகவே ஆக்கிய பெருமையும் இந்நாட்டுக்கு உண்டு. கொம்புமுறி விளையாட்டிலே ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். எவர் எச்சேரி என்பது பிறப்போடு வருவது. கொம்பு முறிந்தபின் தோற்றோரை வென்றோர் வசைபாடுவர். முன்னர் ஆண்டுதோறும் பல ஊர்களில் நிகழ்ந்த இவ்விளையாட்டு இப்போது அருகிவிட்டது. அவ்வசையில் எள்ளலும் வம்பும் நிறைய உண்டு. கோவலன் பிறந்த ஆண்டு யாது என்னும் வினாவுக்கு அதில் இடமில்லை.

ஈழத்திலேயே இக்கதை யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை, முல்லைத்தீவிற் சிலம்பு கூறல், மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரை என வெவ்வேறாக வழங்குகிறது. வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் மட்டக்களப்பு வழக்கைப் பதிப்பித்தமையாற் பெற்ற பயன் பெரிது. எனினும் அச்சிட்ட நூல் கைக்கு வந்தபின் கோயிற் படிப்போர் தம் ஏட்டை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் இடரும் உடன் வருகிறது. அதனினும் பெரிய இடர், பள்ளியிற் படித்த இளைஞர் வழக்குரையைச் சிலப்பதிகாரத்தோடு பொருந்தத் திருத்த முனைதல். மாங்கனியை நீக்கிவிட்டாற் பாண்டியன் அயலானாகிவிடுவான். அவன் கண்ணகியை இழந்த முதல் இழப்பும் கதையினின்று மறையும். குளிர்த்தியை நீக்கிச் சேரநாட்டு மலையைச் சேர்த்தால், வைகாசியிற் கதவு திறந்து நிற்கும் கோயிலுக்குக் கதையின் ஈறே இல்லாது போகும். ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் எஞ்சியுள்ள ஏடுகளைத் திருத்தாது, பாடபேதத்தோடு தனித்தனியே படியெடுத்து வைத்தல் இப்போது செய்யற்பாலது. கறையான் அரித்த ஏடு காத்திருக்காது. அடுத்த வைகாசிக்கு முன்னரே தொடங்குதல் தகும்.